விரல் நுனி மடங்கவில்லை: வீக்கம் வடிந்தால் சரியாகிவிடுமா?

கேள்வி:
என் தம்பி பல்லடம் பக்கம் ஒரு கோழி இறைச்சி ஆலையில் தொடைக்கறியில் எலும்பு நீக்குகிறான். ஒப்பந்தத் தொழிலாளி. முந்தாநாள் கத்தி நழுவி இடது ஆள்காட்டி விரலின் உள்பக்கம் வெட்டிவிட்டது. கிளினிக்கில் தையலும் ஊசியும் போட்டு அனுப்பிவிட்டார்கள். இப்போது நுனிக் கணு மடங்கவில்லை. ஒரு பக்கம் மரத்திருக்கிறது. வீக்கம் வடிந்தால் சரியாகும் என்கிறார் மேற்பார்வையாளர். அவன் கவனக்குறைவுதான் காரணம், பணம் எதுவும் கிடைக்காது என்றும் சொல்கிறார். பொறுத்துப் பார்க்கலாமா?

பதில் (முன்னாள் கறி வெட்டும் தொழிலாளி):
பொறுக்கவே வேண்டாம், இன்றே கிளம்புங்கள். நடுக்கணுவை அசையாமல் பிடித்துக்கொண்டு நுனியை மட்டும் மெதுவாக மடக்கச் சொல்லுங்கள். அசைவே இல்லையென்றால் தசைநாண் (தசையை எலும்போடு இணைத்து விரலை மடக்கும் நாண்) அறுந்திருக்கக்கூடும். மரத்துப்போயிருப்பதால் நரம்பிலும் வெட்டு விழுந்திருக்கலாம். தோலைத் தைத்துவிட்டால் இவை தாமாக ஒட்டிக்கொள்ளாது. அறுந்த முனை உள்ளங்கைப் பக்கம் சுருங்கிக்கொள்ளும். நாளாக நாளாக இழுத்துத் தைப்பது கடினம். கை அறுவைச் சிகிச்சை நிபுணரிடமே காட்டுங்கள்.

கவனக்குறைவாம்! குளிரூட்டிய அறையில் விரல் விறைத்திருக்கும், கைப்பிடியெல்லாம் கொழுப்பு வழுக்கும். எலும்பில் பட்டுப் பட்டுக் கத்தி மழுங்கும். சாணை பிடிக்க நேரம் தராமல் வேகமாக வெட்டு என்பார்கள். மழுங்கிய கத்தியை அழுத்தித்தான் இழுக்க வேண்டும், அழுத்தினால் நழுவும். கறியைப் பிடிக்கும் கைக்கு சின்னச் சின்ன எஃகு வளையங்களைக் கோத்த கையுறை கொடுத்தார்களா என்று முதலில் கேளுங்கள். நூல் கையுறை கீறலைத் தடுக்கும், கத்தி முனை குத்துவதைத் தடுக்காது.

பதில் (தொழிற்சங்கத்தில் இருப்பவர்):
தவறு யாருடையது என்று பார்த்து இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசு காப்பீடு) பணம் தருவதில்லை. வேலையில் சேர்ந்த முதல் நாளே காயம்பட்டாலும் உண்டு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் ஒப்பந்தத் தொழிலாளியும் இதில் வருவார். வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சராசரி தினக்கூலியில் 90 சதவீதம் கிடைக்கும். விபத்து அறிக்கையை நிர்வாகம் அனுப்பியாக வேண்டும்.

கேட்டவர்:
சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறது. ஆனால் கிளினிக் சீட்டில் ‘வீட்டில் ஏற்பட்ட காயம்’ என்று எழுதியிருக்கிறது. உடன் போனவர் மேற்பார்வையாளர்.

பதில் (தொழிற்சங்கத்தில் இருப்பவர்):
நினைத்தேன். அடுத்து பார்க்கும் மருத்துவரிடம் எந்த ஆலை, எந்த நேரம், எந்த வேலை என்று தம்பியே தன் வாயால் சொல்லட்டும். அதை எழுதச் சொல்லுங்கள். பக்கத்து மேசையில் நின்றவர்கள் இருவரின் பெயரோடு இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள். நிர்வாகம் நீட்டும் எந்தக் காகிதத்திலும் அதுவரை கையெழுத்து வேண்டாம்.