ஆர்தர் மன்னன்: கதைக்குப் பின்னால் ஒரு நிஜ மனிதர் இருந்தாரா?

கல்வெட்டுப்பித்தன்:
பிரிட்டன் மேல் படையெடுத்த ஜெர்மானிய இனத்தவரான சாக்சன்களை எதிர்த்து நின்ற மன்னன் என்று கதைகள் சொல்லும் ஆர்தருக்குப் பின்னால் ஒரு நிஜ மனிதர் இருந்தார் என்றுதான் நான் நம்புகிறேன். லூசியஸ் ஆர்டோரியஸ் காஸ்டஸ் என்ற ரோமத் தளபதி அவர். குரோஷியாவில் ஸ்பிளிட் நகருக்குப் பக்கத்தில், பொத்ஸ்த்ரானாவில் அவருடைய கல்லறைக் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. பிரிட்டனில் யார்க் நகரைத் தளமாகக் கொண்ட ஆறாம் படையணியில் பெரிய பதவி வகித்தார், பிரிட்டன் படைகளை நடத்திக்கொண்டு போருக்குப் போனார் என்று அதிலேயே இருக்கிறது. 175இல் ரோமப் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸ், சர்மாத்தியர் என்ற நாடோடி இனத்துக் குதிரை வீரர்கள் 5,500 பேரைப் பிரிட்டனுக்கு அனுப்பினார். கவசக் குதிரைப்படை, ஆர்தரை ஒத்த ஆர்டோரியஸ் என்ற பெயர், பிரிட்டன் மண். மூன்றும் ஒரே இடத்தில் சேர்கின்றன.

வைகைக்கரை:
நண்பரே, அந்தக் கல்லையே கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். காஸ்டஸ் யாரை எதிர்த்துப் படை நடத்தினார் என்று சொல்லும் இடத்தில்தான் கல் உடைந்திருக்கிறது. 'அர்ம்' என்ற தொடக்கம் தெரிகிறது, அதற்குப் பிறகு இடைவெளி. 'அர்மோரிக்கா' என்று நிரப்பினால் இன்றைய பிரான்சின் வடமேற்குக் கரைக்குப் போகிறார். ஆர்தர் 'கால்' (Gaul, இன்றைய பிரான்ஸ் பகுதி) நாட்டின் மேல் படையெடுத்த கதையோடு ஒட்டிக்கொள்கிறது. 'அர்மீனியா' என்றால் நேர் எதிர்த்திசை. அர்மீனியாதான் பொருத்தம் என்று இப்போது பல ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அது 160களில் நடந்த அர்மீனியப் போர் என்றால், சர்மாத்தியர்கள் பிரிட்டனில் கால் வைப்பதற்கு முன்பே அந்தப் படையெடுப்பு முடிந்துவிட்டது. கல்வெட்டில் சர்மாத்தியர் பேச்சே கிடையாது. ஆர்தர் எதிர்த்ததாகச் சொல்லப்படும் சாக்சன்களோ சுமார் 300 ஆண்டுகள் கழித்து வருகிறார்கள்.

கல்வெட்டுப்பித்தன்:
சரி, அர்மீனியாவாகவே இருக்கட்டும். பெயருக்கு என்ன பதில்? ஆறாம் நூற்றாண்டின் கடைசியில், ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் டால் ரியாட்டா அரசன் ஏடானின் மகனுக்கு ஆர்தர் என்று பெயர். அவன் போரில் இறந்ததைத் துறவி கொலம்பாவின் வரலாற்றில் அடோம்னான் எழுதியிருக்கிறார். முன்னால் ஒரு பெரிய ஆள் இல்லாமல் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் எங்கிருந்து வரும்?

நிலாமுற்றம்:
இரண்டு பேரும் ரியோதாமஸை விட்டுவிட்டீர்கள். 'பிரிட்டன்காரர்களின் அரசன்' என்றே அவனை ஆறாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் ஜோர்டானிஸ் குறிப்பிடுகிறார். 470 வாக்கில் ரோமப் பேரரசர் அந்தேமியஸ் உதவி கேட்டதால் 12,000 பேருடன் கடல்வழியாகக் கால் நாட்டுக்கு வந்தான். விசிகோத் அரசன் யூரிக்கிடம் தோற்று, பர்கண்டியர்களிடம் அடைக்கலம் போனான். ஆயர் சிடோனியஸ் அவனுக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. ஓர் எளிய மனிதரின் அடிமைகளை உங்கள் பிரிட்டன் ஆட்கள் ஆசைகாட்டி இழுத்துக்கொண்டு போகிறார்கள், விசாரித்து நியாயம் செய்யுங்கள் என்ற புகார் அது. அந்தக் காலத்தவரே கைப்பட எழுதிய இப்படி ஒரு தடயம் ஆர்தருக்குக் கிடையாது. என் ஓட்டு ரியோதாமஸுக்குத்தான்.

வைகைக்கரை:
ரியோதாமஸ் இருந்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஆர்தரின் பெரிய வெற்றியாகச் சொல்லப்படும் பேடன் போரில் அவன் சாக்சன்களை வென்றதாக எந்தப் பழைய நூலும் சொல்லவில்லை. பேடன் இல்லாத ஆர்தர் என்ன ஆர்தர்?

பேடன் முற்றுகை பற்றி எழுதிய பிரிட்டன் துறவி கில்டாஸ், அது நடந்த ஆண்டில் பிறந்தவர். அவர் பெயர் சொல்லிப் புகழும் தலைவர் அம்புரோசியஸ் அவுரேலியானஸ். ஆர்தர் பெயர் இல்லை. இங்கிலாந்துத் திருச்சபையின் வரலாற்றை 731இல் எழுதி முடித்த பீட் துறவியிடமும் இல்லை. ஆர்தரின் 12 போர்கள் முதன்முதலில் பட்டியலாக வருவது 829-830 வாக்கில் எழுதப்பட்ட 'பிரிட்டன்காரர்களின் வரலாறு' நூலில். பேடனில் ஒரே தாக்குதலில் ஆர்தர் தனியாளாக 960 பேரை வீழ்த்தினான் என்கிறது அது. அதிலும் அவன் அரசர்களோடு சேர்ந்து போரிடும் படைத்தலைவன்தான். மணிமுடி, நாடு பிடித்தல் எல்லாம் 1136 வாக்கில் மான்மவுத் ஜெஃப்ரி என்ற எழுத்தாளரின் கைவண்ணத்தில் பெருகின. ஆர்தரின் வீரர்கள் அமரும் வட்ட மேசை 1155இல் கவிஞர் வாஸ் சேர்த்தது. 1184இல் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி மடம் தீயில் எரிந்தது. 1191இல் அங்கேயே ஆர்தர் கல்லறை 'கிடைத்தது'. மடத்தைத் திரும்பக் கட்ட அப்போது காசு தேவைப்பட்டது.

கல்வெட்டுப்பித்தன்:
கிளாஸ்டன்பரியை நானும் நம்பவில்லை. ஆனால் கில்டாஸ் எழுதியது வரலாறு அல்ல, தன் கால அரசர்களைக் கண்டிக்கும் நீண்ட பிரசங்கம். பேடனில் வென்றது யார் என்றுகூட அவர் வெளிப்படையாகச் சொல்லவில்லை. அங்கே பெயர் இல்லாததால் ஆளே இல்லை என்று தீர்ப்பு எழுத முடியாது.

நிலாமுற்றம்:
கொடோதின் என்ற பழைய வெல்ஷ் பாடலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு வீரனைப் புகழ்ந்துவிட்டு, 'ஆனாலும் அவன் ஆர்தர் அல்ல' என்கிறது. கேட்பவர்களுக்கு ஆர்தர் யார் என்று ஏற்கெனவே தெரிந்திருக்கிறது.

வைகைக்கரை:
அந்தப் பாடல் நமக்குக் கிடைத்திருப்பது 13ஆம் நூற்றாண்டுச் சுவடியில். அந்த வரி மூலத்திலேயே இருந்ததா, இடையில் யாராவது சேர்த்ததா என்பதே இன்னும் தீராத வழக்கு. பேடனில் சாக்சன்களைத் தோற்கடித்த ஒரு தலைவர் இருந்தார் என்பதை ஏற்கிறேன். அவர் பெயர் ஆர்தர் என்று ஆறாம் நூற்றாண்டில் எழுதிய ஒரு வரியைக் காட்டுங்கள், அப்புறம் மேலே பேசலாம்.