மறு: மியூசிக்கலில் வரும் ‘புக்’ – தமிழில் என்ன போடலாம்?

> எங்கள் நூலக வாசகர் வட்டத்தில் அடுத்து, நாவலிலிருந்து மேடைக்குப் போன மியூசிக்கல்களை (பாட்டாகவும் பேச்சாகவும் கதை சொல்லும் மேடை நாடகங்களை) பேசப்போகிறோம். பெயர்ப் பட்டியலில் ‘புக்’ என்று ஒன்று வருகிறது. ‘நூல்’ என்று போட்டால் மூல நாவலோடு குழம்புகிறது. ‘கதைவசனம்’ சரியா?

வணக்கம்.

கதைவசனம் நமக்குப் பழகிய சொல்தான், ஆனால் இங்கே உதைக்கிறது. விக்தோர் யூகோவின் ‘லே மிசரபிள்’ (1862) நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். 1985இல் லண்டனில் மேடையேறிய அதன் மியூசிக்கல் கிட்டத்தட்ட முழுக்கப் பாட்டாகவே போகும். பேச்சு அங்கொன்றும் இங்கொன்றும்தான். அப்படியும் 1987இல் சிறந்த ‘புக்’குக்கான டோனி விருதை (அமெரிக்க மேடை நாடகங்களுக்குத் தரும் விருது) அதற்காக அலன் பூப்லீலும் குளோத் மிஷல் ஷோன்பெர்க்கும் வாங்கினார்கள். வசனமே இல்லாததற்கு வசன விருதா என்று வட்டத்தில் யாராவது கட்டாயம் கேட்பார்கள்.

எந்தக் காட்சியை வைப்பது, எதை வெட்டுவது, பேச்சு எங்கே நின்று பாட்டு எங்கே எழ வேண்டும் என்று முடிவு செய்வதுதான் ‘புக்’ எழுதுபவரின் வேலை. எட்னா ஃபெர்பரின் ‘ஷோ போட்’ நாவல் 1926இல் வந்தது. மறு வருடமே நியூயார்க்கில் மியூசிக்கல் ஆகிவிட்டது. நாவலில் படகின் சொந்தக்காரர் கேப்டன் ஆண்டி ஆற்றில் விழுந்து இறந்துபோகிறார். அவர் மகளைக் கைவிட்டுப் போன சூதாடி ரேவனல் திரும்பி வருவதே இல்லை. மேடையில், ‘புக்’ எழுதிய ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன் கேப்டனைச் சாகவிடவில்லை. நரைத்துப்போன ரேவனலையும் கடைசியில் கூட்டிவந்து மனைவியோடு சேர்த்துவைத்துவிட்டார். (எனக்கு நாவலின் முடிவுதான் பிடிக்கும், அது வேறு விஷயம்.) இதற்கும் ஜெரோம் கெர்ன் போட்ட மெட்டுக்கும் சம்பந்தமில்லை.

சினிமாவில் இந்த வேலையைத் திரைக்கதை என்கிறோம். அதே வார்ப்பில் மேடைக்கதை, மேடைக்கதை ஆசிரியர் என்று வைத்துக்கொள்ளலாமே? ‘புக்’குக்கு முன்பு ஒருவர் சொன்ன ‘இசைப்பிரதி’ ஸ்வரத்தாளைத்தான் நினைவூட்டுகிறது.

மியூசிக்கலுக்கே என்ன சொல் என்பதைத் தனி இழையில் பேசுவோம். ‘இசை நாடகம்’ என்றால் பழைய தமிழ் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் வந்து நின்றுவிடுகிறார்.

> மேடைக்கதை நன்றாகத்தான் இருக்கிறது, ஐயா. ஆனால் மேடையில் உட்கார்ந்து கதை சொல்வது, காலட்சேபம் மாதிரி, என்று எடுத்துக்கொள்ள மாட்டார்களா?

தனியாக வந்தால் அந்த ஆபத்து உண்டு, அம்மா. அப்போது ‘மியூசிக்கலின் மேடைக்கதை’ என்று எழுதிவிடலாம். பெயர்ப் பட்டியலில் பக்கத்திலேயே இசையும் பாடல்களும் இருப்பதால் குழப்பம் வராது. உங்கள் வட்டத்துக்கான தாளில் இப்படிப் போட்டுப் பாருங்கள்:

தி கலர் பர்ப்பிள் (பிராட்வே, 2005)
மூல நாவல்: ஆலிஸ் வாக்கர்
மேடைக்கதை: மார்ஷா நார்மன்
இசை, பாடல்கள்: பிரெண்டா ரஸ்ஸல், ஆலி வில்லிஸ், ஸ்டீஃபன் பிரே

அந்த நாவல் முழுக்கக் கடிதங்களால் ஆனது என்பதையும் கீழே ஒரு வரி சேருங்கள். நார்மனுக்கு என்ன வேலை இருந்தது என்று கேட்பவர்களுக்கு அதுவே போதும்.