மறு: இடமாற்றமா, துண்டுமாற்றா?

> குரோமோசோம் துண்டு இடம் மாறுவதைக் குறிக்கும் ‘டிரான்ஸ்லொகேஷன்’ என்பதற்குக் கலைச்சொல்லாக இடமாற்றம் என்றே வைத்துக்கொள்ளலாமே? பழகிய சொல்தானே.

பழகியதுதான் சிக்கல், ஐயா. இடமாற்றம் என்றால் ஒன்று மூட்டை கட்டிக்கொண்டு வேறிடம் போவது போலத்தான் மனத்தில் படுகிறது. நாட்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோயில் நடப்பது கொடுக்கல் வாங்கல். எலும்பு மஜ்ஜையிலுள்ள ஒரு குருத்தணுவில் (ஸ்டெம் செல்) 9ஆம் குரோமோசோமும் 22ஆம் குரோமோசோமும் உடைந்து, முனைத் துண்டுகளைத் தமக்குள் மாற்றிக்கொள்கின்றன. 22 கொடுத்தது பெரிய துண்டு, வாங்கியது சிறியது, அதனால் குட்டையாகிவிட்டது. அந்தக் குட்டைக் குரோமோசோமைத்தான் 1960இல் நோவெல், ஹங்கர்ஃபோர்டு என்ற ஆய்வாளர்கள் பிலடெல்பியாவில் கண்டார்கள். துண்டு தொலைந்துபோனது என்றே வெகுகாலம் நினைத்திருந்தார்கள். அது 9இன் நுனியில் போய் ஒட்டியிருப்பதை 1973இல் காட்டியவர் ஜேனட் ரவுலி என்ற ஆய்வாளர்.

ஆக, பண்டமாற்று போலத் ‘துண்டுமாற்று’. ஒரு பக்கம் மட்டும் போனால் ‘துண்டுப்பெயர்வு’.

இதனால் 9இலிருந்து வந்த ஏபிஎல் (ABL) மரபணு, 22இலுள்ள பிசிஆர் (BCR) மரபணுவோடு தைத்தது போல் சேர்ந்துவிடுகிறது. ஏபிஎல் தரும் கைனேஸ் நொதி வேண்டும்போது விழித்து, வேலை முடிந்ததும் அடங்கும். சேர்ந்தபின் அடங்குவதே இல்லை. ‘பெருகு, பெருகு’ என்ற கட்டளை ஓயாமல் போக, வெள்ளணுக்கள் குவிகின்றன. 2001இல் ஒப்புதல் பெற்ற இமாட்டினிப் என்ற மருந்து அந்த நொதியின் வாயைத்தான் அடைக்கிறது. இப்படிச் சேர்ந்த மரபணுவுக்கு ‘ஒட்டு மரபணு’ என்று ஒருவர் சொன்னது அழகு, ஒட்டுமாங்கன்று நினைவுக்கு வருகிறது. ஆனால் இதே நோய்க்கு மஜ்ஜை மாற்று செய்தால் அங்கும் ‘ஒட்டு’ வந்து நிற்கும். ‘இணைவு மரபணு’வே இருக்கட்டும்.

> குறுக்கேற்றத்திலும் (கிராசிங் ஓவர்) துண்டுகள்தானே மாறுகின்றன?

சரியான கேள்வி. அது ஒரே குரோமோசோம் சோடிக்குள் நடப்பது, இயல்பானது. அதற்குத் தனிச்சொல் இருக்கிறது. துண்டுமாற்று சோடியல்லாத இரண்டுக்கு இடையே நடப்பது என்று விளக்கத்தில் ஒரு வரி போட்டுவிடலாம்.

அப்புறம் ஒன்று. நோயாளர் கையேடு ஒன்றில் இதை ‘மரபணுக் கோளாறு’ என்று எழுதியிருந்தேன். படித்துவிட்டு ஓர் அம்மா கேட்டார்: “அப்போ என் பிள்ளைகளுக்கும் வருமா?” வராது. இது பிறந்தபின் ஒரு மஜ்ஜை அணுவில் நேர்ந்தது. கருமுட்டையிலோ விந்தணுவிலோ இல்லை. ‘மரபு’ என்ற சொல் அவரை அப்படி மிரட்டிவிட்டது. ‘மரபணு’ என்ற சொல்லை இனி மாற்ற முடியாது. முன்னால் ஓர் அடைமொழி சேர்க்கலாம். ‘அக்வயர்டு’ என்பதற்கான ‘ஈட்டிய’ என்பது சம்பாதித்தது போல ஒலிக்கிறது. ‘இடைவந்த மரபணுப் பிறழ்வு’ எப்படி?