பங்குனியில் ஒரு படுகைத் தோட்டம்

காவிரிக் கரையைக் காண வருகிறவர்கள் பெரும்பாலும் ஆடிப்பெருக்கை ஒட்டியோ, வயல் பச்சைகட்டி நிற்கும் ஐப்பசியிலோதான் வருகிறார்கள். ஆற்றில் தண்ணீர் இல்லாத பங்குனியில் இங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று என்னிடம் பலர் கேட்டதுண்டு. அவர்களை மனத்தில் வைத்தே, திருவையாற்றுக்கு அருகில் ஒரு படுகைத் தோட்டத்தில் கழித்த பங்குனிக் கடைசிப் பொழுதை எழுதுகிறேன்.

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு செல்லும் சாலை வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என ஐந்து ஆறுகளைக் கடக்கிறது. வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கப்படும் மேட்டூர் அணையை ஜனவரி 28-இல் மூடிவிடுவதால், பாலங்களின் கீழே பெரும்பாலும் மணலும் நாணலுமே தெரிந்தன. சம்பாக் கதிர் நிற்கும்போதே வயலின் ஈரத்தை நம்பித் தெளித்துவிட்ட உளுந்து காய் முற்றியிருந்தது.

இந்தக் காய்ச்சலில்தான் படுகை பூக்கிறது. ஆறு வற்றினாலும் வண்டலுக்கடியில் ஈரம் தங்குவதால், ஆழ வேர்விட்ட மரங்களுக்கு அது போதுமானதாக இருக்கிறது. தோட்டத்து நுழைவிலேயே புங்கமரம் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகத் தரையெங்கும் பொரி இறைத்தாற்போல் பூவைக் கொட்டியிருந்தது. சரக்கொன்றை அப்போதுதான் சரம்விடத் தொடங்கியிருந்தது. வேப்பம்பூவை, வருடப்பிறப்புப் பச்சடிக்காக வெள்ளைத் துணி விரித்துச் சேகரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் நான் நெடுநேரம் நின்றது இலுப்பை மரங்களின் அடியில்தான். இலைகளை உதிர்த்துவிட்டுக் கிளை நுனிகளில் கொத்துக்கொத்தாகப் பூத்து, அதன் பிறகு செம்பு நிறத் தளிர் விடுவது அதன் இயல்பு. இரவெல்லாம் பழந்தின்னி வௌவால்கள் வந்து போகின்றன. விடியலுக்கு முன்பே, சாறு நிறைந்த வெளிர்மஞ்சள் பூக்கள் காம்பிலிருந்து கழன்று விழத் தொடங்குகின்றன. தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர், "வெயில் ஏறுறதுக்குள்ள வந்தீங்க தம்பி, நல்லதாப் போச்சு. இல்லன்னா ஆடு மேஞ்சுட்டுப் போயிருக்கும்" என்றார். அவர் கொடுத்த பூ ஒன்றை வாயிலிட்டேன். இனிப்பு முதலில் வந்து, கனத்த ஒரு மணம் பின்னால் நின்றது. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று நம் முன்னோர் சொன்னதை அன்றுதான் நாக்கால் அறிந்தேன்.

ஒரு காலத்தில் கோயில் விளக்குகளுக்கு எண்ணெய் தந்த இம்மரம், நின்ற இடங்களிலெல்லாம் இன்று நிற்கவில்லை என்பது எனக்குப் பெரும் வருத்தம் தருகிறது. நட்டவர் தம் காலத்தில் முழுப் பயனைக் காண முடியாத அளவுக்கு மெதுவாக வளரும் மரம் அது; விலைக்குக் கேட்டு வருகிறவர்களிடம் பெரியவர் ஒவ்வொரு முறையும் மறுத்துவிடுகிறாராம்.

போக விரும்புகிறவர்கள் விடியலிலேயே போய்ச் சேருங்கள். தோட்டக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி அனுமதி பெறுங்கள். உதிர்ந்த பூ தாராளமாகக் கிடக்கும்போது கிளையை ஒடிக்காதீர்கள். ஆனி, ஆடியில் பழம் விழும்போது கொட்டை பொறுக்க வரச்சொல்லிப் பெரியவர் எங்களை அழைத்திருக்கிறார். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போவதாக இருக்கிறேன்.