ஆர்சி கார் ரேஸுக்கு வரும் பிள்ளைகளை எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள்?

கோவை ட்ராக் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம்ங்க. சரவணம்பட்டி தாண்டி ஒரு நண்பருடைய காலி இடத்தில் இரண்டு வருடமாக ஞாயிறு காலையில் ஆர்சி கார் (ரிமோட்டில் ஓடும் சின்ன கார்) ஓட்டுகிறோம். 14 பேர். பெரும்பாலும் 1/10 அளவு (நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு) பக்கி, அதாவது மண்ணில் ஓடுகிற கார். வேகமான பிரஷ்லெஸ் மின் மோட்டார். இரண்டு பேரிடம் 1/8 நைட்ரோ பக்கி (எரிபொருளில் ஓடுவது) இருக்கிறது. மண் ட்ராக், ஓரத்தில் பிவிசி பைப், அதற்கு வெளியே ஒரு கயிறு. வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் கயிற்றுக்கு அந்தப் பக்கம்.

ஒருவர் பையனைக் கூட்டிக்கொண்டு வந்தார், அப்புறம் இன்னொருவர், இப்போது ஞாயிறு தவறாமல் எட்டு ஒன்பது பிள்ளைகள். 5 வயதிலிருந்து 13 வரை.

போன வாரம் ஸ்ட்ரெயிட் (ட்ராக்கின் நேர்ப் பகுதி) முடிகிற இடத்தில் ஒரு பக்கி பைப்பில் ஏறித் துள்ளி, கயிற்றுக்கு அடியில் புகுந்து, அங்கே உட்கார்ந்து பஃப்ஸ் தின்றுகொண்டிருந்த 7 வயதுப் பையனின் கணுக்காலில் அடித்துவிட்டது. அவன் உடனே அழவில்லை. கீழே விழுந்த பஃப்ஸைப் பார்த்தான், அப்புறம்தான் காலைப் பார்த்தான். எக்ஸ்ரே எடுத்தோம், எலும்புக்கு ஒன்றுமில்லை. வீக்கம் வடிய நாலு நாள் ஆனது. அந்த கார் என்னுடையது. ஒரு வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை.

இப்போது குழுவில் சிலர் பிள்ளைகளே வேண்டாம் என்கிறார்கள். என் மகளுக்கு 9 வயது. சனிக்கிழமை இரவே ஷூவை எடுத்து வாசலில் வைத்துவிடுகிறாள். அவளிடம் போய் என்ன சொல்வது? பிள்ளைகளையும் சேர்த்து ரேஸ் நடத்துகிறவர்கள் யாராவது இருந்தால், நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று சொல்லுங்கள்.

ஹாரோ அப்பா எழுதியது:

தம்பி, முதலில் அந்தப் பையன் நலம் என்பது நிம்மதி. உங்கள் கேள்வியைப் படித்ததும் விரிவாக எழுத வேண்டும் என்று தோன்றியது. நான் இங்கிலாந்தில் இருக்கிறேன். எட்டு வருடமாக ஒரு கிளப்பில் வெள்ளிக்கிழமை மாலைகளில் ஓட்டுகிறோம். ஒரு பள்ளியின் விளையாட்டு அரங்கத்தை வாடகைக்கு எடுத்து, கார்பெட் விரித்து, அதன் மேல் ட்ராக். என் மகன் 8 வயதில் வந்தான், இப்போது 16.

கயிறு மனிதர்களுக்கு, காருக்கு இல்லை. கார் கயிற்றுக்குக் கீழேதான் வரும். ஒன்றரைக் கிலோ கார் 40 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், 100 கிலோமீட்டர் வேகத்தில் வீசிய கிரிக்கெட் பந்தைவிட ஒன்றரை மடங்கு சக்தி அதில் இருக்கிறது. உங்கள் நைட்ரோ பக்கி மூன்றரைக் கிலோ இருக்கும். அது 60-ல் வந்தால் அந்தப் பந்தைப் போல ஏறக்குறைய எட்டு மடங்கு. பொம்மை என்று நினைத்து நிற்கிற குழந்தைக்கு இது தெரியாது. பல சமயம் அப்பாக்களுக்கும் தெரிவதில்லை. அதனால் ஒன்றரை அடி உயரத்துக்கு பிளைவுட் பலகை, பின்னால் மணல் மூட்டை. ஸ்ட்ரெயிட் முடிகிற இடத்துக்கு நேர் எதிரே யாருமே நிற்கக் கூடாது, பெரியவர்களும்தான். கட்டுப்பாடு இழந்த கார் வளைவில் திரும்பாமல் நேரே வெளியே போகும், அவ்வளவுதான் கணக்கு. பார்க்கிற எல்லோரையும் ஓட்டுகிறவர்கள் நிற்கிற மேடைக்குப் பின்னால் கொண்டுவாருங்கள். அங்கேதான் ட்ராக் முழுவதும் நன்றாகத் தெரியும் என்பதால் பிள்ளைகள் தாங்களாகவே வருவார்கள்.

ஆனால் நான் பார்த்தவரை, அடிபட்ட பிள்ளைகள் எல்லோரும் சும்மா இருந்த பிள்ளைகள். வேலை கொடுத்த பிள்ளைக்கு நிற்க ஓர் இடம் இருக்கும், கவனிக்க ஒரு காரணம் இருக்கும்.

எங்களிடம் ஒரு ஹீட், அதாவது சில கார்கள் சேர்ந்து ஓடும் ஒரு பந்தயம், 5 நிமிடம். ஓட்டி முடித்தவர் ரிமோட்டை வைத்துவிட்டு அடுத்த ஹீட்டுக்கு மார்ஷலாக (கவிழ்ந்த காரை எடுத்து வைப்பவராக) நிற்க வேண்டும். குழந்தைக்கும் அதே சட்டம், ஆனால் 12 வயதுக்குக் கீழே என்றால் கூடவே ஒரு பெரியவர் நிற்பார், அதுவும் மெதுவான வளைவில் மட்டும். என் மகனுக்கு நான் பழக்கியதைச் சொல்கிறேன். தரையில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டேன். கார் கவிழ்ந்தால் முதலில் காரைப் பார்க்காதே, அடுத்து வருகிற கார் எங்கே இருக்கிறது என்று பார். யாரும் வரவில்லை என்றால்தான் வட்டத்தைவிட்டு வெளியே கால் வைக்கலாம். காரை பாடியோடு சேர்த்துப் பிடித்துத் தூக்கு. சக்கரத்திலோ அடியில் கியர் பக்கமோ விரல் போகக் கூடாது, ஓட்டுகிறவர் பதற்றத்தில் திராட்டிலை (வேக விசையை) இன்னும் அழுத்திக்கொண்டிருப்பார். சரியான திசையில் வை, வட்டத்துக்குத் திரும்பு. இதை நிற்கிற காரை வைத்தே ஒரு மணி நேரம் செய்தோம். அன்று அவன் கார் ஓட்டவே இல்லை, ஆனாலும் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அரை மணி நேரம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான்.

செருப்போடு யாரும் ட்ராக்குக்குள் வரக் கூடாது. இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். மூடிய ஷூ. மார்ஷலுக்கு ஒளிரும் ஜாக்கெட் ஒன்று கொடுங்கள், சின்ன அளவிலும் கிடைக்கிறது.

ஓட்டப் பிடிக்காத பிள்ளைகளும் உண்டு. எங்களிடம் ஒரு பையன், 11 வயது, மூன்று வாரம் அப்பா பக்கத்தில் தலை குனிந்தே உட்கார்ந்திருந்தான். லேப் கணக்கு ஓடும் கம்ப்யூட்டர் பக்கம் உட்கார வைத்தோம். இப்போது ரேஸ் தொடங்குகிற இடத்தில் கார்களை வரிசைப்படி கூப்பிடுவது அவன்தான்.

கடைசியாக எழுதினாலும் இதுதான் எனக்கு முதல் விஷயம். பிள்ளைகள் வருகிற இடத்துக்கு எல்லா வகை மனிதர்களும் வருவார்கள். எங்கள் கிளப்பில் 16 வயதுக்குக் கீழே யாரும் பெற்றோரோ அவர்கள் சொல்லி அனுப்பிய பெரியவரோ இல்லாமல் இருக்கக் கூடாது. பிள்ளையை இறக்கிவிட்டுக் கடைக்குப் போவது கிடையாது. அடுத்தவர் பிள்ளையோடு எந்தப் பெரியவரும் தனியாக ஒரு அறையிலோ வண்டியிலோ இருப்பதில்லை. பிள்ளைக்குச் சொல்ல வேண்டியது எதுவானாலும் பெற்றோரின் எண்ணுக்குத்தான் மெசேஜ். பெற்றோரைக் கேட்காமல் போட்டோ போடுவதில்லை. ஒரு பிள்ளைக்கு மனதில் ஏதாவது உறுத்தினால் யாரிடம் சொல்வது என்று ஒருவரை நியமித்து, அவர் படத்தை வாசலிலேயே ஒட்டியிருக்கிறோம். அங்கே 2012 போக்சோ சட்டப்படி, ஒரு குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்தது என்று தெரிந்தால் போலீஸில் சொல்வது தெரிந்தவருடைய கடமை. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் எழுதி ஒட்டுங்கள். நாலு நண்பர்கள்தானே, இதெல்லாம் எதற்கு என்று தோன்றும். நாலு பேராக இருக்கும்போதே செய்துவிடுங்கள்.

பேட்டரிக்காரன் எழுதியது:

ஹாரோ அண்ணன் சொன்னதில் மாற்றமில்லை. நான் ஈரோடு, பேட்டரி சர்வீஸ்தான் தொழில். ட்ராக்கில் கார் எங்கே போகும் என்று கண்ணுக்குத் தெரிகிறது. காரைத் தயார் செய்கிற பிட் டேபிளில் இருக்கிற ஆபத்து தெரியாது.

லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி சார்ஜ் ஏறுகிற மேஜை தனியாக, சிமென்ட் தரையில், பிள்ளைகள் நடக்கிற வழிக்கு வெளியே இருக்க வேண்டும். ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. 5000 எம்ஏஎச் பேட்டரி என்றால் 5 ஆம்பியர் போதும், அவசரம் வேண்டாம். சார்ஜரில் பேட்டரி வகையை மாற்றி வைத்துவிட்டால் தீ பிடிக்கலாம், அதனால் பிளக் செருகுவது பெரியவர் மட்டும். பக்கத்தில் ஒரு வாளி மணல். உப்பிய பேட்டரியைப் பயன்படுத்துவதை அன்றோடு நிறுத்திவிடுங்கள். மே மாத வெயிலில், நீங்கள் வந்த பெரிய காரை மூடி அதற்குள் பேட்டரி வைத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள்.

நைட்ரோ வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். அந்த எரிபொருளில் பெரும் பங்கு மெத்தனால். கள்ளச்சாராயச் சாவுச் செய்திகளில் நாம் கேள்விப்படுகிற அதே மெத்தனால்தான். ரோஸ், நீலம் என்று சாயம் கலந்து வரும், தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்தால் 5 வயதுக் குழந்தைக்கு அது ஜூஸ். வந்த கேனிலேயே இருக்கட்டும், கேன் பெட்டிக்குள் இருக்கட்டும், பெட்டி பூட்டியிருக்கட்டும். பகல் வெளிச்சத்தில் மெத்தனால் தீ கண்ணுக்கே சரியாகத் தெரியாது என்பதையும் சொல்லிவையுங்கள்.

பிள்ளைகளுக்குக் கொடுக்க நல்ல வேலை ஒன்று என்னிடமும் இருக்கிறது. முதலில் ரிமோட் ஆன், அப்புறம் கார். அணைக்கும்போது முதலில் கார், அப்புறம் ரிமோட். மாற்றிச் செய்தால் சில கார்கள் கட்டுப்பாடில்லாமல் பாயும். ஒவ்வொரு காரையும் ஸ்டாண்டில் ஏற்றி, சக்கரம் தரையில் படாமல், மெதுவாகச் சுற்றும்போது ரிமோட்டை அணைத்துப் பார்க்க வேண்டும். சக்கரம் தானாக நிற்க வேண்டும், நிற்காத கார் ட்ராக்குக்குப் போகக் கூடாது. இதைப் பார்த்துக் கையில் நோட்டு வைத்து டிக் போடுவது ஒரு பிள்ளை. பெரியவர் ஒருவர் கூட இருந்தால் போதும். எங்கள் ஊரில் 10 வயதுப் பெண் ஒருத்தி என் காரையே திருப்பி அனுப்பினாள். சரியாகத்தான் அனுப்பினாள், ரிசீவரில் செட்டிங் மாறியிருந்தது.

திருச்சி அம்மா எழுதியது:

படித்துக்கொண்டே வந்தேன், ஒரு விஷயம் யாரும் கேட்கவில்லை. அங்கே கழிப்பறை இருக்கிறதா? காலி இடம் என்கிறீர்கள். ஆண்கள் சமாளித்துக்கொள்வார்கள். 9 வயது மகள் காலை 7 மணியிலிருந்து 11 மணி வரை என்ன செய்வாள்? என் மகள் முதல் இரண்டு மாதம் ட்ராக்குக்குப் போகும் நாளில் தண்ணீரே குடிக்க மாட்டாள், எனக்குத் தெரியாமல். தலைவலி என்று படுத்த பிறகுதான் விசாரித்தேன். பக்கத்து வீட்டில் பேசி ஏற்பாடு செய்தோம், மாதம் ஒரு தொகை கொடுக்கிறோம். அம்மாக்கள் வர ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். அம்மாக்கள் வந்ததும் ட்ராக்கில் கெட்ட வார்த்தையும் சிகரெட்டும் தானாகக் குறைந்தன.

இன்னொன்று. பையன்களை மார்ஷலாக நிறுத்திவிட்டு, பெண் பிள்ளைகளிடம் தண்ணீர் கொடு, பிஸ்கட் கொடு என்று சொல்லாதீர்கள். என் மகளுக்கு 12 வயது. சால்டரிங் அவளே செய்கிறாள், கண்ணாடி போட்டுக்கொண்டு, முடியைப் பின்னிக் கட்டிக்கொண்டு, துப்பட்டா இல்லாமல், நான் எதிரே உட்கார்ந்திருக்கும்போது. முதல் தடவை அயர்னைத் தவறான இடத்தில் பிடிக்கப் போனாள், பக்கத்திலிருந்த அண்ணன் கத்தாமல் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். அவர் கத்தியிருந்தால் அவள் மறுபடி வந்திருக்க மாட்டாள்.

சின்னவர்களுக்குத் தனி ஹீட் வையுங்கள், பெரியவர்களுடைய காரோடு கலக்காமல். எல்லோருக்கும் ஒரே மாதிரி, வேகம் குறைந்த சாதா 540 மோட்டார் கார். பிரஷ்லெஸ் காரைத்தான் கொடுக்க வேண்டும் என்றால் ரிமோட்டில் திராட்டிலைப் பாதியாகக் குறைத்துக் கொடுக்கலாம். 5 வயதுக்கு அதுவே பறக்கிற மாதிரி இருக்கும்.

கோவை ட்ராக் எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க. குழுவில் எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன். இந்த ஞாயிறு ரேஸ் இல்லை. பலகை அடிக்கிற வேலை மட்டும். நைட்ரோ ஓட்டுகிற இருவரும் இனி பிள்ளைகள் போன பிறகு 10 மணிக்கு மேல்தான் எடுப்போம் என்று தாங்களே சொல்லிவிட்டார்கள். கழிப்பறை பற்றி நான் நினைத்ததே இல்லை அக்கா. மகளிடம் கேட்டேன். அவளும் தண்ணீர் குடிப்பதில்லையாம். எதிரே இருக்கிற ஒர்க்‌ஷாப் அண்ணனிடம் பேசியாயிற்று, சாவி தருகிறார்.

அந்தப் பையனின் வீட்டுக்கும் நேற்று போய் வந்தேன். ஜாக்கெட் என்ன நிறம் என்று கேட்டான். ஹாரோ அண்ணா, 7 வயதுக்கு எந்த வளைவில், எவ்வளவு நேரம் நிறுத்தலாம்?

ஹாரோ அப்பா எழுதியது:

7 வயதை ட்ராக்குக்குள் நிறுத்த வேண்டாம் தம்பி. பலகைக்கு வெளியே, உங்கள் பக்கத்தில், ஜாக்கெட்டோடு நிற்கட்டும். கார் கவிழ்ந்தால் கையைத் தூக்கி எந்த வளைவு என்று நம்பர் சொல்வது அவன் வேலை. ஒரு ஹீட் நின்றால் ஒரு ஹீட் ஓய்வு. முதல் தடவை அவன் கண் காரைவிட்டு எப்போது விலகுகிறது என்று கவனியுங்கள், அதுதான் அவனுடைய நேரம். என் மகனுக்கு 8 வயதில் மூன்று நிமிடம்.