அயல்நாட்டு வகுப்பறையில் பயிற்சி ஆசிரியராக நின்ற நாள்: உங்கள் அனுபவங்கள்

மாலைவெயில் (சிங்கப்பூர்)

பரிமாற்றப் பருவத்திற்காகப் பின்லாந்தின் யுவாஸ்குலாவில் இருந்தேன். பல்கலைக்கழகத்தின் பயிற்சிப் பள்ளியை அங்கே எல்லாரும் நோர்ஸி என்பார்கள். ஆசிரியர்களைப் பயிற்றும் சிங்கப்பூர்த் தேசியக் கல்விக் கழகத்தின் நான்காண்டுப் பட்டத்தில் 22 வாரங்கள் பள்ளிப் பயிற்சி உண்டு. அதில் ஒரு பகுதியை முடித்துவிட்டுப் போயிருந்ததால், ஐந்தாம் வகுப்புக்கு ஓர் ஆங்கிலப் பாடம் நடத்தச் சொன்னபோது எனக்குத் தயக்கமே இருக்கவில்லை.

கேள்வி கேட்டேன், ஒரு கையும் உயரவில்லை. விடையை நானே சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போனேன். பாடம் முடிந்ததும் ஆசிரியர் அறையில் எனக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்த வழிகாட்டி ஆசிரியை, எதுவும் பேசாமல் ஒரு தாளை நீட்டினார். நான் கேட்ட 14 கேள்விகளும் அதில் வரிசையாக இருந்தன; 11 கேள்விகளுக்கு எதிரே, விடை சொன்னவராக என் பெயரே எழுதியிருந்தது. "கடைசி வரிசைச் சிறுமி நான்கு முறை வாய் திறந்தாள், பார்த்தீர்களா?" என்று கேட்டார். நான் பார்க்கவில்லை. பின்லாந்துப் பிள்ளைகளின் அமைதிக்கு நான் ஆயத்தமாகிப் போயிருக்கவில்லை என்பதே இன்றும் என்னை உறுத்துகிறது.

வடதிசை (ஒஸ்லோ)

மாலைவெயில் அவர்களே, உங்கள் கடைசி வரியை என்னால் ஏற்க முடியவில்லை. அது பின்லாந்தின் அமைதி அல்ல. கேள்வி கேட்ட ஆசிரியர் விடைக்காகச் சராசரியாக ஒரு விநாடிகூடக் காத்திருப்பதில்லை என்று கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களிலேயே அமெரிக்க வகுப்பறைகளில் அளந்து காட்டினார். மூன்று விநாடி பொறுத்தால் விடைகள் நீள்கின்றன, பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள் என்பதும் அவர் கண்டதே. ஆகவே அந்தத் தாள் உங்களுக்குச் சொன்னது பின்லாந்தைப் பற்றியதன்று.

இதற்கு நேர்மாறான ஒன்று எனக்கு நேர்ந்தது. நோர்வேயில் ஆசிரியர் கல்வி பயில்வோர் சிலர் ஆபிரிக்க நாடுகளுக்குப் பயிற்சிக்குச் செல்வதுண்டு. நான் சாம்பியாவின் லுசாக்காவுக்குச் சென்றேன். ஐந்தாம் வகுப்பில் அறுபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள். "விளங்கியதா?" என்றால் "ஆம், ஆசிரியரே" என்று ஒரே குரலில் பதில் வரும். மூன்றாம் நாள் ஒரு சிறுவனின் கொப்பியைப் புரட்டினேன். நான் கரும்பலகையில் எழுதியவை அனைத்தும் அழகாக இருந்தன, நான் தவறாக எழுதி, பின் அழித்துத் திருத்திய சொல் உட்பட. கணக்குகளின் விடைகள் மட்டும் இல்லை. 2014 முதல் அங்கே நான்காம் வகுப்புவரை உள்ளூர் மொழியிலேயே படிப்பித்தார்கள். ஐந்தாம் வகுப்பில்தான் ஆங்கிலம் பயிற்றுமொழியானது. அவன் ஆங்கிலத்துக்கு வந்து சில வாரங்களே ஆகியிருந்தன. இதை நான் விமானம் ஏறுமுன் படித்திருக்க வேண்டும்.

ஆரே நதி (பேர்ன்)

என்னுடையது கற்பித்தல் முறை பற்றியதன்று. குடியேற்றத்தைக் கட்டுப்படுத்துவது பற்றிய 2014 வாக்கெடுப்புக்குப் பின் சுவிட்சர்லாந்து, ஐரோப்பிய மாணவர் பரிமாற்றத் திட்டமான எராஸ்மஸுக்கு வெளியே நின்றதால், அரசின் மாற்றுத் திட்ட உதவித்தொகையில் பின்லாந்தின் தம்பரே நகருக்குப் போனேன். புதிதாகக் குடியேறிய பிள்ளைகளுக்கான ஆயத்த வகுப்பில் என்னை விட்டார்கள். எனக்கும் பின்னிஷ் தெரியாது.

கைவேலையின்போது கத்தரிக்கோல் வேண்டும் என்று விரல்களால் சைகை காட்டினேன். அந்த நாட்டுக்கு வந்து ஒரு மாதமே ஆகியிருந்த சிறுமி ஒருத்தி அதை எடுத்து வந்தாள், ஆனால் கையில் தரவில்லை. "சக்ஸெத்" என்றாள். நான் திருப்பிச் சொன்னேன். தலையை அசைத்து மறுத்து, இன்னொரு முறை சொல்ல வைத்து, பிறகே தந்தாள். அன்றிலிருந்து தினமும் எனக்கு ஒரு சொல் கற்றுத் தந்தாள். அந்த வகுப்பில் அவளைவிடக் குறைவாகத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். நான் புறப்படும் நாள் முதல் வாரத்திலேயே முடிவாகியிருந்தும், அதை நான் அவளுக்குச் சொல்லவில்லை.

பழைய கரும்பலகை (லண்டன்)

ஸ்பெயினில் ஒரு பள்ளியில் இருந்தேன். திரும்பும் நாளில் பிள்ளைகள் என் மேசையில் வைத்த ஆரஞ்சுப் பழங்களைப் பெட்டியில் இடமில்லை என்று அறையிலேயே விட்டுவந்தேன், அது இன்னும் மனத்தில் நிற்கிறது. இனிச் செல்பவர்களுக்குச் சில சொல்லியாக வேண்டும். அங்கே படிக்கப்போவதைக் குறிக்கும் கற்றல் ஒப்பந்தத்தில் இரு பல்கலைக்கழகங்களின் கையொப்பமும் விழுந்த பிறகே பயணச்சீட்டு எடுங்கள். ஒரு பருவப் படிப்புக்கு 30 ஐரோப்பியக் கல்விப் புள்ளிகள் என்று தாளில் இருந்தாலும், அங்கே செய்த வகுப்பறைப் பயிற்சியை உங்கள் நாட்டின் ஆசிரியர் தகுதிக்குக் கணக்கில் எடுப்பார்களா என்பதை எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல்லை நம்பி, திரும்பி வந்து முழுப் பயிற்சியையும் மீண்டும் செய்தவர்களை நான் அறிவேன். குற்றப் பதிவுச் சான்றைப் பல பள்ளிகள் கேட்கும். அது கைக்கு வர நாளாகும் என்பதால் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். ஆரே நதி அவர்களே, புறப்படும் நாளை முதல் வாரமே வகுப்பு நாட்காட்டியில் குறித்துவிட்டால் பிள்ளைகள் அதற்குத் தயாராகிவிடுவார்கள்.

ஆரே நதி (பேர்ன்)

நாட்காட்டி அந்த வகுப்பில் இருந்தது, ஐயா. வகுப்பாசிரியை நான் புறப்படும் நாளை அதில் குறித்தும் வைத்திருந்தார். பின்னிஷில் எழுதியிருந்ததால் அந்தச் சொல் அப்போது அந்தச் சிறுமிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.