ஏரியாப் பையன்கள் சாவைப் பற்றிப் பேசும்போது: உங்கள் அனுபவம் என்ன?

பெரும்பாக்கத்தில் மாலை வகுப்பு எடுக்கிறேன். சென்னைக்குள் குடிசையைக் காலி செய்து இங்கே கொண்டுவந்து குடிவைத்த குடும்பங்கள்தான் எல்லாம். ஒருத்தனுக்கு 16 வயசு, அடிதடி கேஸில் கூர்நோக்கு இல்லம் (வழக்கில் சிக்கிய சிறுவர்களை வைக்கும் இடம்) போய் வந்தவன். "எனக்கு ஸ்கெட்ச் போட்டிருக்காங்களாம் சார், போடட்டுமே" என்று, கொல்லத் திட்டம் போட்டிருப்பதைச் சொல்லிச் சிரிப்பான், எதிர் கோஷ்டி தெருவில் தனியாகப் போய் டீ குடித்துவிட்டு வருவான், கூட்டாளிகள் கெத்து என்று கைதட்டுவார்கள். அப்படிப்பட்டவன் திடீரென்று மொட்டை மாடியில் வளர்த்த ஹோமர் புறாக்களைக் கூண்டோடு தூக்கிப் பக்கத்து பிளாக் பையனிடம் சும்மா கொடுத்துவிட்டான். சாப்பாட்டுக் காசில் கம்பு வாங்கிப் போட்டவன். கூப்பிட்டு உட்காரவைத்து நேராகவே கேட்டேன், "செத்துடணும்னு தோணுதாடா?" ரொம்ப நேரம் செருப்பு வாரைத் திருகிக்கொண்டே இருந்தான். அப்புறம் சொன்னான்: "நானா பண்ணிக்கிட்டா அம்மாவைத்தான் ஏசுவாங்க சார். எவனாவது போட்டுட்டா பிரச்சினை இல்லைல்ல."

*

சார், இதே பேச்சை நானும் கேட்டிருக்கிறேன். சட்டத்துக்கு முரண்பட்ட சிறார்களோடுதான் என் வேலை. இவர்கள் அழ மாட்டார்கள், சண்டையை இழுப்பார்கள், ஹெல்மெட் இல்லாமல் பைக்கை முறுக்குவார்கள், அதனால் ஸ்டேஷனிலும் பள்ளியிலும் திமிர் என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். நான் ரொம்பப் பயப்படுவது இரண்டு சமயங்களுக்கு: வெட்டுப்பட்டுச் செத்த நண்பனின் நினைவு நாள், அப்புறம் இல்லத்திலிருந்து வெளியே வந்த முதல் சில வாரங்கள். பள்ளியில் சேர்க்க மாட்டார்கள், கண்ணகி நகர் (அதுவும் பெரும்பாக்கம் மாதிரிக் குடிவைத்த இடம்தான்) என்று முகவரி சொன்னாலே வேலை கிடையாது. "இனிமே என்ன இருக்குண்ணா" என்பவனிடம் 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 24ஆம் பிரிவைச் சொல்வேன். சிறார் நீதி வாரியத்தில் முடிந்த வழக்கு பிற்காலத்தில் தகுதியிழப்பு ஆகாது (16 வயது தாண்டி, பெரியவர்களைப் போல விசாரிக்கப்பட்டால் கதை வேறு). ஒருத்தன் அதைத் தாளில் எழுதித் தரச் சொல்லி பர்ஸில் வைத்துக்கொண்டான். இன்னொன்று, நேராகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பயப்படாதீர்கள், அப்படி ஆகாது.

*

நான் அம்மா பக்கத்திலிருந்து சொல்கிறேன். என் அக்கா மகன் முயற்சி செய்த ராத்திரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவே அக்கா தயங்கினாள். "ஏற்கெனவே ஒரு கேஸ் ஓடுது, இது இன்னொண்ணாடி?" நல்லவேளை, பக்கத்து வீட்டு அண்ணன் ஆட்டோவை எடுத்துவிட்டார். 2017 மனநலச் சட்டத்தின் 115ஆம் பிரிவுப்படி தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகத்தான் கருதப்படுவார், தண்டனை கிடையாது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக வைத்திருந்த பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவே, அதற்குப் பதிலாக 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில் இல்லை. இதை எங்கள் தெருவில் யாருக்கும் யாரும் சொன்னதில்லை. இப்போது வீட்டில் மாத்திரை, பூச்சிமருந்து எதுவும் கைக்கு எட்டுகிற மாதிரி வைப்பதில்லை. ராத்திரியில் அவன் 14416க்கு (டெலி மானஸ் மனநல உதவி எண்) பேசுகிறான், இலவசம், தமிழிலேயே பேசுகிறார்கள். சுகாதார உதவி எண் 104 இருக்கிறது, 18 வயசுக்குக் கீழே என்றால் குழந்தைகள் உதவி எண் 1098. சார், அந்தப் புறாப் பையனைத் தனியாக விடாதீர்கள், அவனோடு நீங்களே உட்கார்ந்து முதல் போனைப் போடுங்கள்.